பரங்கிக்காய் மசியல்

நாற்பத்தொரு வயதாகி, முன்நெற்றி ஏறி, மூக்குக் கண்ணாடிக் கடையில் பதினாறு வருஷமாக வில்லை தேய்த்துக்கொண்டிருக்கிறவனை இன்னமும் வீட்டில் சின்னவன் என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன் பெரியவன். டயர் கடை வைத்திருந்தான். அவன் வாயைத் திறந்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். அக்கா பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவள் குரலை உயர்த்தியதே கிடையாது, ஆனால் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் ஊசி ஏற்றின மாதிரி உள்ளே போய் நிற்கும். இந்த இரண்டு பேருக்கும் கீழே வளர்ந்தவனுக்குச் சிரிக்கச் சொன்னால் சிரிக்கவும், தலையாட்டச் சொன்னால் ஆட்டவும் சிறு வயதிலேயே பழகிப்போயிருந்தது.

அவன் மனைவி லாண்டரியில் வேலை பார்த்தாள். துவைத்து வந்த துணியை மடித்துக் கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பது அவள் பொறுப்பு. வியர்வை வாடை போயிருக்கிறதா, மருந்து நெடி ஒட்டியிருக்கிறதா, ஈர வாடை வருகிறதா என்று அவள் மூக்கு சொன்னால்தான் துணி வாசலைத் தாண்டும். கடை முதலாளி அந்த மூக்கை நம்பித்தான் கல்லாப் பக்கம் நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்.

கோடை முடிகிற சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்தாள். காய்ச்சல் போகும்போது மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. காப்பியும் வெந்நீரும் ஒன்றாகின. பூண்டை நசுக்கி மூக்கடியில் வைத்தாலும் ஒன்றும் தெரியவில்லை. வாயில் போடுவது சூடா குளிரா, கெட்டியா குழைவா என்பது மட்டும்தான் மிச்சம். டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம். வராமலும் போகலாம். ஆறு மாசம் பாருங்க," என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கடையில தெரிஞ்சா என்னைப் பின்னாடி இஸ்திரிக்கு அனுப்பிடுவாங்க. உங்க வீட்டுலயும் சொல்ல வேண்டாம். உங்க அக்கா காதுல விழுந்தா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி."

"நான் ஏன் சொல்லப்போறேன்," என்றான் சின்னவன்.

கடையில் அவள் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி, சந்தேகமான துணியைப் பக்கத்து மேசைக்காரியிடம் நீட்டிச் சமாளித்தாள். வீட்டில் சமாளிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் அவன் இருந்தான். சாயங்காலம் கடையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் அடுப்புப் பக்கம் போய் நிற்பான். அவள் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை அவன் உள்ளங்கையில் விடுவாள்.

"உப்பு?"

"இன்னும் ஒரு சிட்டிகை."

"புளிப்பு?"

"எலுமிச்சை அரை மூடி பிழி."

இவனிடம் இதுவரை யாரும் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. வீட்டுக்குச் சாயம் பூசும்போது நிறம் கேட்கவில்லை, அப்பாவின் வீட்டை விற்றபோது கையெழுத்து மட்டும் கேட்டார்கள். இப்போது தினமும் ஒருத்தி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் நாக்கைச் சப்புக்கொட்டி, கண்ணை மூடி, கொஞ்சம் காக்க வைத்துத்தான் பதில் சொல்வான். அந்த மூன்று மாதமும் அவர்கள் நன்றாக இருந்தார்கள்.

இலை உதிரத் தொடங்கினால் அந்தக் குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கிற ஏரிக்கரைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகும். அப்பா காலத்து வழக்கம். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: கடையில் வாங்கினது கூடாது, அவரவர் வீட்டில் காய்கறியில் செய்ததாக இருக்க வேண்டும். யாரும் மெனக்கெட வேண்டாம், சுலபமாக எது வருமோ அது போதும் என்பார். அப்பா போன பிறகு அது மெல்ல மெல்லப் போட்டியாகிவிட்டது. போட்டி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் வீடு திரும்பும்போது யார் பாத்திரம் காலி, யார் பாத்திரம் கனக்கிறது என்று எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் அவள் பரங்கிக்காயைத் தோலோடு கனமாக அரிந்து, எண்ணெயும் மிளகும் தட்டிய பூண்டும் புரட்டி, ஓரம் கருகச் சுட்டு எடுத்துக்கொண்டாள். பீட்ரூட்டைத் துருவித் தயிரில் கலந்தாள். கேரட்டும் உருளைக்கிழங்கும் வேகவைத்து அரைத்த சூப்பைப் பிளாஸ்கில் ஊற்றினாள். ஒவ்வொன்றுக்கும் உப்பும் காரமும் சொன்னவன் சின்னவன். விடிகாலையிலேயே எழுந்து ஐந்து தடவை ருசி பார்த்தான்.

ஏரிக்கரையில் காற்று சில்லென்று இருந்தது. விரிப்பின் மேல் மஞ்சள் இலைகள் விழுந்துகொண்டே இருந்தன. பெரியவன் தன் இரண்டு பெண்களையும், வீட்டு நாயையும் கூட்டி வந்திருந்தான். அவன் மனைவிக்கு அன்று வேலை நாள், வரவில்லை. அக்கா காலிபிளவரை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். மூடி போட்ட டப்பாவில் சூட்டோடு வைத்ததில் அது வேர்த்துச் சொதசொதத்துப் போயிருந்தது. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று எடுத்து, கடித்துவிட்டு, தட்டோரம் ஒதுக்கின. பரங்கிக்காய்க்கு மட்டும் கைகள் போட்டி போட்டன.

"பரவாயில்லையே," என்றாள் அக்கா. "கல்யாணமாகி வந்தப்ப வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. இப்ப யார்கிட்டக் கத்துக்கிட்டே?"

"தானா வந்துடுச்சு அண்ணி," என்றாள் அவள். சொல்லும்போது கணவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

தண்ணீர் கேன் காலியானது. பெரியவனும் சின்னவனும் குழாயடிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கேன் நிரம்புகிற வரையில் பெரியவன் பல் குத்திக்கொண்டே பேசினான்.

"உனக்கென்னடா, கொடுத்து வச்சவன். அவ கைக்குத் தங்கக் காப்பு போடலாம். நீ என்னத்தைப் பண்ணினே, உட்கார்ந்து திங்கிறதைத் தவிர? அப்பா சொல்லுவாரே, ஒட்டிக்கிட்டே வாழ்ற ஜென்மம்னு."

பெரியவன் இப்படிப் பேசுவது புதிதல்ல. வேறு நாளாயிருந்தால் சின்னவன் சிரித்திருப்பான். ஆனால் விடிகாலையிலிருந்து ஐந்து தடவை ருசி பார்த்த நாக்கு அன்று சும்மா இருக்க மறுத்தது.

"அதுல பாதி என்னோடதுண்ணே."

"எது?"

"ருசி. உப்பு, காரம் எல்லாம் நான் சொல்றதுதான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. காய்ச்சலுக்கு அப்புறம் மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு."

பெரியவன் பல் குத்துவதை நிறுத்தினான். "ஒண்ணுமேவா தெரியாது?"

"ஒண்ணுமே தெரியாது."

அண்ணன் தன் பேச்சை இப்படி வாயைப் பிளந்து கேட்டது சின்னவனுக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் தடவை. அதனால் தேவைக்கு மேலேயும் ஒரு வார்த்தை போட்டான். "மண்ணை அள்ளிக் கொடுத்தாலும் சாப்பிட்டுட்டுப் போவா."

பெரியவன் தொடையில் தட்டிச் சிரித்தான். சின்னவனும் சிரித்தான். கேனைத் தூக்கும்போதுதான் அவளுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதே அண்ணே."

"சீ, நான் ஏன்டா சொல்றேன்."

பெரியவனிடம் சொன்ன ரகசியம் சல்லடையில் ஊற்றின தண்ணீர். விரிப்புக்குத் திரும்பி ஐந்து நிமிஷத்தில் அவன் அக்காவின் காதோரம் குனிந்திருந்தான். அக்கா தலையைத் திருப்பித் தம்பி மனைவியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "வழக்கமான விளையாட்டு ஆடலையே," என்றாள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு வாயில் வைப்பது என்ன காய் என்று சொல்ல வேண்டும். வருஷா வருஷம் ஆடுவதுதான். பிள்ளைகள் முதலில் ஆடின. பிறகு அக்கா தன் கழுத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டு தம்பி மனைவியிடம் வந்தாள்.

"எனக்கு வேண்டாம் அண்ணி. வயிறு நிறைஞ்சிருக்கு."

"ஒரு வாய்க்கு என்ன ஆயிடும்? இவ்வளவு நல்லா சமைக்கிறவ நீதானே முதல்ல சொல்லணும்."

அவள் கணவனைப் பார்த்தாள். பெரியவன் முந்திக்கொண்டான். "அவனே ஊட்டட்டும். புருஷன் கையால சாப்பிட என்ன வெட்கம்?"

அதைக் கேட்டதும் அவள் தோள் இறங்கியதைச் சின்னவன் பார்த்தான். இவன் ஊட்டுவதானால் பயமில்லை, காதோரம் சொல்லிவிடுவான் என்று நம்பினாள். துணியைக் கட்ட முகத்தைக் கொடுத்தாள்.

அக்கா ஒரு காகிதக் கிண்ணத்தையும் கரண்டியையும் அவன் கையில் திணித்தாள். கிண்ணத்தில் இருந்தது நாய்க்கு வாங்கிவந்த டின் உணவு. கறியும் குடலும் கூழாக அரைத்தது. பழுப்பு நிறம், மேலே பாகு மாதிரி ஒரு பளபளப்பு. வாடை அவன் மூக்கில் ஏறியது. அவள் பிறந்ததிலிருந்து கறி தொடாதவள். கறி வெந்த பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். பெரியவன் கண்ணடித்தான். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன. இப்போது வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு அவன் பல தடவை யோசித்தான். ஒன்றும் ஆகியிருக்காது. பெரியவன் இரண்டு வசவு வைதிருப்பான், அக்கா உதட்டைச் சுழித்திருப்பாள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அது மலையாகத் தெரிந்தது. ஒரு வாய்தானே என்று நினைத்துக்கொண்டு ஊட்டினான்.

அவள் மென்றாள். முகத்தை அவன் பக்கம் சாய்த்து, உதடு அசையாமல் கேட்டாள்: "என்னதுங்க?"

"பரங்கிக்காய்," என்று அவன் அவள் காதில் சொன்னான். "மசிச்சது."

அவள் விழுங்கிவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பரீட்சையில் பதில் தெரிந்த பிள்ளை போல, "பரங்கிக்காய் மசியல்," என்றாள்.

ஏரிக்கரையே அதிர்ந்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தான் சரியாகச் சொன்னதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பல்லில் அந்தக் கூழ் ஒட்டியிருந்தது.

"இன்னொரு வாய் குடுடா," என்றான் பெரியவன். "பாவம், பிடிச்சுப்போச்சு அவளுக்கு."

சின்னவன் கரண்டியை நிறைத்தான். அவள் வாயைத் திறந்தாள். அதையும் ஊட்டினான்.

பெரியவனின் இளைய பெண்ணுக்கு ஏழெட்டு வயசிருக்கும். அவள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். "சித்தி, துப்புங்க சித்தி. அது நாயோடது."

சின்னவன் மனைவி கண்கட்டை இழுத்து இறக்கினாள். கணவன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். அக்காவின் காலடியில் கிடந்த டின்னை எடுத்து, ஒட்டியிருந்த தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு எழுந்து குழாயடிக்குப் போனாள். வாயைக் கொப்புளித்தாள், விரலை விட்டு வாந்தி எடுத்தாள், மறுபடி கொப்புளித்தாள். அது தீர்ந்தபோது விரிப்பில் இருந்தவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருந்தார்கள்.

"சும்மா விளையாட்டுக்கு," என்றான் பெரியவன், அவள் திரும்பி வந்ததும். "தப்பா எடுத்துக்காதே."

"இல்ல மாமா," என்றாள். பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பையில் வைத்தாள். பரங்கிக்காய்ப் பாத்திரம் காலியாக இருந்தது.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சின்னவன் மன்னிப்பை நூறு விதமாக வாய்க்குள் கட்டிப்பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுத் தெரு வருவதற்கு இரண்டு நிறுத்தம் முன்னால் அவளே வாயைத் திறந்தாள்.

"முதல் வாய் சரி, உங்க அண்ணன் சொன்னாருன்னு கொடுத்தீங்க. ரெண்டாவது வாய் ஏன் கொடுத்தீங்க?"

அவன் காலடியிலிருந்த பாத்திரப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவள் மறுபடி கேட்கவில்லை.

அக்கா தன் புடவைகளையும் போர்வைகளையும் அதே லாண்டரியில்தான் போடுவாள். அடுத்த வாரம் துணி கொடுக்க வந்தவள் முதலாளியிடம், "உங்க கடையில மூக்கில்லாத ஆளையா முகர்ந்து பார்க்க வச்சிருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனாள். முதலாளி நல்ல மனிதர்தான். கூப்பிட்டு விசாரித்தார். ஒரு வெள்ளைச் சட்டையில் மண்ணெண்ணெய் தெளித்து, பக்கத்தில் சுத்தமான சட்டை ஒன்றையும் வைத்து, எது என்று கேட்டார். அவள் இரண்டையும் முகர்ந்துவிட்டுத் தலை குனிந்தாள். மறுநாளிலிருந்து பின்கட்டில் இஸ்திரி. நீராவியின் சூடு, வீட்டுக்கு வந்த பிறகும் உடம்பிலிருந்து இறங்காது. முழங்கைக்குக் கீழே சூடு பட்ட கோடுகள் ஏணிப்படி மாதிரி ஏறின.

சாயங்காலம் சின்னவன் வழக்கம்போல அடுப்புப் பக்கம் போய் நின்று கையை நீட்டினான். அவள் கரண்டியைக் கழுவி மாட்டினாள்.

"வேண்டாம். நானே போட்டுக்கறேன்."

அன்றைக்கு முட்டைக்கோஸ். வாயில் வைத்தவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடல் தண்ணீரில் வேகவைத்த மாதிரி உப்பு. அவள் எதிரே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

உப்பு என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. இத்தனை செய்துவிட்டு, ருசி தெரியாதவளிடம் போய் உப்பு ஜாஸ்தி என்று எந்த முகத்தோடு சொல்வது? இதுதான் தனக்குத் தண்டனை, வாயைத் திறக்காமல் அனுபவிப்போம் என்று முடிவு கட்டிக்கொண்டான். அப்படி முடிவு கட்டியதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"நல்லா இருக்கு," என்றான்.

குளிர்காலம் முழுக்க அப்படியே போயிற்று. ஒரு நாள் உப்பு, ஒரு நாள் மிளகுத் தூள் கொட்டிக் கவிழ்த்தது, ஒரு நாள் புளித்துப்போன தயிரில் பீட்ரூட். தினமும் அவள் தவறாமல் கேட்டாள். தினமும் அவன் நல்லா இருக்கு என்றான். சாப்பாடு முடிந்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். கடையில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற உடம்புப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. நர்ஸ் உப்பைக் குறைக்கச் சொன்னாள். அதையும் அவன் வீட்டில் சொல்லவில்லை.

மரங்கள் துளிர்விடத் தொடங்கிய ஒரு ஞாயிறு காலை, அவள் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் ரேழியில் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தான். ஜன்னல்கள் பாதி திறந்திருந்தன.

"கீழ் வீட்டுல பால் அடிபிடிக்குது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "போய் கதவைத் தட்டிச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு அடுப்பில வச்சுட்டு மறந்துபோயிருப்பா."

அவன் எழுந்து பாதிப் படி இறங்கிய பிறகுதான் அவனுக்கே பால் வாடை எட்டியது. கீழ் வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிவிட்டு, படியில் ஒரு நிமிஷம் நின்றான். திரும்பி வந்து நேரே சமையலறைக்குள் போனான். அடுப்பில் பெரிய பாத்திரம் ஒன்று இருந்தது. அலமாரியின் உள்பக்கம், தட்டு போட்டு மூடிய சின்னப் பாத்திரம் ஒன்று இருந்தது. இரண்டிலும் ஒரே உருளைக்கிழங்கு. பெரியதில் தொட்டு நக்கினான். உப்பு உச்சந்தலைக்கு ஏறியது. சின்னதில் தொட்டு நக்கினான். உப்பும் காரமும் எலுமிச்சையும் அவன் சொல்லிச் சொல்லிப் பழக்கிய அதே அளவில் இருந்தன.

அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"எப்பலேர்ந்து தெரியுது?" என்று அவன் கேட்டான்.

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒரு நாள் இஸ்திரி போடறப்போ துணி தீயற வாசனை வந்துச்சு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க சொன்னீங்களா?"

"நான் என்னத்தைச் சொல்லணும்?"

"உப்புன்னு." அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "முதல்ல ஒரு மாசம் எனக்கு நிஜமாவே தெரியல. கை போன போக்குல போட்டேன். உங்க முகத்தைப் பார்த்தா ஏதோ சரியில்லைன்னு புரியும். கேட்டா நல்லா இருக்குன்னீங்க. வாசனை வந்த அன்னைக்குத்தான் வாயில வச்சுப் பார்த்தேன். அன்னைக்கே நிறுத்தியிருப்பேன். ஆனா இன்னைக்கு சொல்லுவாரு, நாளைக்கு சொல்லுவாருன்னு பார்த்தேன். கூட ஒரு கரண்டி போட்டுப் பார்த்தேன். நீங்க சொல்லவே இல்ல."

"உன்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான்…"

"கண்ணைக் கட்டியிருந்தப்போ கேட்டேனே, என்னதுன்னு. அதுவும் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான் சொன்னீங்களா?"

அவன் ரத்த அழுத்தத்தைப் பற்றிச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பெரிய பாத்திரத்தைக் கொண்டுபோய்க் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். சின்னப் பாத்திரத்தில் இருந்ததை இரண்டு தட்டில் பங்கு போட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே பாத்திரம்தான். சாப்பாடு நன்றாக இருந்தது. அவன் வாய்விட்டு, "ரொம்ப நல்லா இருக்கு," என்பான். உண்மையாகவே சொல்வான். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டாள். எப்படி இருக்கு என்று அவனிடம் அவள் அப்புறம் கேட்டதே இல்லை.

மூக்கு திரும்பிவிட்டது என்று கடையில் சொன்னாள். முதலாளி வெள்ளைச் சட்டையை நீட்டிச் சோதித்துவிட்டுப் பழைய நாற்காலிக்கே அனுப்பினார். அக்கா துணி கொண்டுவந்தால் அவளே வாங்கி, முகர்ந்து, ரசீது எழுதிக் கொடுத்தாள். பேச்சு அதோடு சரி.

மறுபடியும் இலை உதிர்கிற காலம் வந்தது. பெரியவன் போன் பண்ணினான். அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது. "என்னடா, இந்த ஞாயிறு ஏரிக்கரை. உன் பொண்டாட்டிய அந்தப் பரங்கிக்காயைச் செய்யச் சொல்லு. பிள்ளைங்க கேட்குதுங்க."

சின்னவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். வரமாட்டோம் என்று சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாக ஒத்திகை பார்த்துவைத்திருந்தான்.

"இல்லண்ணே," என்றான். "அவளுக்கு உடம்பு சரியில்ல."

சமையலறையிலிருந்து அவள் சிரித்தது கேட்டது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. இதைவிட அவள் அழுதிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் லாண்டரிப் பெண்களோடு வேறொரு பக்கம், ஆற்றங்கரைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பினாள். காளானும் பட்டாணியும் வதக்கி, ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். நானும் வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை. வாங்க என்று அவளும் சொல்லவில்லை. பையைத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பினாள். காற்றில் அலைந்து கன்னம் சிவந்திருந்தது. தலையில் ஒரு சருகு ஒட்டியிருந்தது. காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.

"எல்லாருக்கும் பிடிச்சிருந்ததா?" என்று கேட்டான்.

"சாப்பிட்டாங்க. பக்கத்து மேசைக்காரிதான், உப்பு பத்தலைடி, சப்புன்னு இருக்குன்னா. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா."

அதைச் சொல்லும்போது அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. கல்யாணமான புதிதில்கூட அந்த முகத்தை அவன் பார்த்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். அவன் ரேழி விளக்கைப் போடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.